கொடுக்கிற பொம்மையை முதலில் பாருங்கள்

கடையில் கொலு பொம்மை வாங்குவதற்குப் பெரிய யோசனை தேவையில்லை. பிடித்திருக்கிறது, கையில் காசு இருக்கிறது, வாங்கி வந்துவிடுகிறோம். நமக்கு உயிரான ஒரு பொம்மையைக் கொடுத்துவிட்டு, அடுத்தவர் வீட்டில் கண்ணைப் பறித்த இன்னொன்றை எடுத்து வரலாமா என்று வரும்போதுதான் தூக்கம் கெடுகிறது. நவராத்திரி முடிந்த கையோடு யாராவது ஒருத்தி வந்து நிற்பாள். "மாமி, அவங்க வெண்ணெய்த்தாழிக் கண்ணனைத் தரேங்கறாங்க. பதிலுக்கு என்னோட கல்யாண செட்டைக் கேக்கறாங்க. கொடுக்கலாமா?" இப்போது பையன்களும் வருகிறார்கள். பொம்மை சேர்ப்பதில் சில பையன்களுக்கு இருக்கும் பொறுமை எங்கள் காலத்துப் பெண்களுக்குக்கூட இருந்ததில்லை. எல்லாரிடமும் இதையேதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன், அதனால் எழுதியே வைத்துவிட்டேன்.

1. கொலு நடக்கும் நாட்களில் பதில் சொல்லாதீர்கள்.

மாற்றிக்கொள்ளலாமா என்ற பேச்சு பெரும்பாலும் தாம்பூலம் வாங்கிக்கொண்டு கிளம்பும் நேரத்தில், வாசலில் செருப்பைத் தேடியபடி வரும். சுற்றி நாலு பேர் இருப்பார்கள். முகதாட்சண்யத்துக்கு "அதுக்கென்ன, எடுத்துக்கோங்க" என்று வாய் சொல்லிவிடும். பிறகு வாபஸ் வாங்க முடியாது. "விஜயதசமி கழியட்டும், சொல்றேன்" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். இதில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. படியில் நிற்கும் பொம்மைக்குப் பட்டுத்துணி விரிப்பு, சீரியல் லைட், குத்துவிளக்கு, பின்னால் ஜரிகைத் திரை எல்லாம் துணை. அந்த வெளிச்சத்தில் மூக்கு உடைந்த பொம்மைகூட லட்சணமாகத்தான் இருக்கும். அதே பொம்மையைத் தை மாதத்தில், சமையலறை மேடையில், பகல் வெளிச்சத்தில் பாருங்கள். அப்போதும் ஆசை குறையவில்லை என்றால் அடுத்ததுக்கு வாருங்கள்.

2. கொடுக்கிற பொம்மையை முதலில் பாருங்கள்.

எல்லாரும் வரப்போகிற பொம்மையைத்தான் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்கள். கையில் இருப்பதுதான் தெரியுமே என்று ஒரு நினைப்பு. நிஜத்தில் தெரியாது. வருஷத்தில் பத்து நாள் தூரத்தில் நிற்கிறது, மிச்ச நாளெல்லாம் பரணில் பழைய வேட்டிக்குள் கிடக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு சொல்லுங்கள் பார்ப்போம்: உங்கள் லட்சுமிக்கு எந்தக் கையில் அபயம்? கிரீடத்தில் கல் வரைந்திருக்கிறதா, புடைப்பாக இருக்கிறதா? பின்னல் இடுப்பைத் தாண்டுகிறதா? புடவைக் கொசுவம் என்ன நிறம்? பாதிக்கு மேல் பதில் வராது.

அதனால் பரணிலிருந்து இறக்குங்கள். உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் தூசி தட்டுங்கள். ஈரத்துணி வேண்டவே வேண்டாம். பழைய மண் பொம்மைகளில் பூசியது பெரும்பாலும் தண்ணீரில் கரைத்த நிறம், ஒரு துடைப்பில் கன்னம் போய்விடும். ஜன்னலோரம் கொண்டுபோய்த் திருப்பிப் பாருங்கள். இரண்டு பாதி அச்சில் களிமண்ணை அழுத்தி, ஒட்டி, காயவைத்து, சூளையில் சுட்டது அது. விலாப்புறத்தில் கையை ஓட்டினால் ஒட்டின கோடு தட்டுப்படும். அடியில் இருக்கும் ஓட்டை சுடும்போது ஆவி வெளியேறுவதற்கு வைத்தது. அடி முழுக்கத் திறந்த பொம்மையாக இருந்தால் உள்ளே டார்ச் அடியுங்கள். மண்ணை அச்சுக்குள் அழுத்திய கைவிரல் தடம் வரிசையாகத் தெரியும்.

இவ்வளவும் பார்த்த பிறகு பாதிப் பேர் மாற்றும் எண்ணத்தையே விட்டுவிடுகிறார்கள். நான் இதைத் தடுப்பதற்காகச் சொல்லவில்லை. தெரியாத பொருளைக் கொடுத்தால் பிறகு அடுத்தவர் வீட்டில் வைத்து அதைத் தெரிந்துகொள்ள வேண்டி வரும், அது கொடுமை.

3. அச்சு இன்னும் இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

பார்பி பொம்மை சேர்க்கிறவர்களுக்கு எந்த வருஷத்துப் பொம்மை என்ன விலை என்று புத்தகமே இருக்கிறது. கொலு பொம்மைக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆகவே "இது எவ்வளவு பெறும்?" என்று கேட்பதில் பிரயோஜனமில்லை. "இது போனால் இன்னொன்று கிடைக்குமா?" என்று கேளுங்கள்.

பண்ருட்டியிலோ, மதுரைக்குப் பக்கத்தில் விளாச்சேரியிலோ, காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலோ உங்கள் பொம்மையின் படத்தைக் காட்டுங்கள். புரட்டாசியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கடை போடுகிறவர்களிடமும் காட்டலாம். "இந்த அச்சு எங்ககிட்ட இருக்கும்மா, ஆர்டர் கொடுத்தா போட்டுத் தரோம்" என்று சொல்லிவிட்டால் மனசு லேசாகிவிடும். "இது தாத்தா காலத்து அச்சு, இப்ப இல்லை" என்றால் நின்று யோசியுங்கள்.

அச்சு இருந்தாலும் ஒரு விஷயம். பிளாஸ்டர் அச்சு தேயும். போடப் போட விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், கொலுசு வழுவழுப்பாகும், ஒட்டியாணத்தின் முத்துகள் மழுங்கும். உங்கள் பொம்மையில் கால் விரல் ஐந்தும் தனித்தனியாகத் தெரிகிறதா? அப்படியானால் அச்சு புதிதாக இருந்தபோது எடுத்தது. அதே அச்சில் இப்போது போட்டால் அந்தக் கால் வராது. கண்ணோ எப்போதுமே கையால் எழுதுவது. ஒரே அச்சில் வந்த இரண்டு மீனாட்சிகளை அக்கம்பக்கமாக வையுங்கள், ஒருத்தி உங்களைப் பார்ப்பாள், இன்னொருத்தி உங்கள் தோளுக்கு மேல் எதையோ பார்ப்பாள்.

4. ஜோடியைப் பிரிக்காதீர்கள்.

மரப்பாச்சியில் ஒன்றை மட்டும் கொடுக்கிறேன் என்று வருகிறவர்களோடு நான் பேசுவதில்லை. செட்டியார் கடையில் செட்டியாரைக் கொடுத்துவிட்டுச் செட்டிச்சியையும் அரிசி பருப்புக் கிண்ணங்களையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஏற்கெனவே உடைந்த செட் என்றால் கதை வேறு. உங்களிடம் பரசுராமர் ஒருவர் மட்டும் தனியாக நிற்கிறார், அடுத்த தெருவில் ஒருவரிடம் பரசுராமர் இல்லாமல் ஒன்பது அவதாரம் நிற்கிறது. அளவும் நிறமும் ஒத்து வந்தால் யோசிக்காமல் கொடுங்கள். பதிலுக்கு என்ன தருகிறார்கள் என்றுகூடப் பெரிதாகப் பார்க்காதீர்கள்.

5. அது யாருடைய பொம்மை?

பரண் உங்களுடையது என்பதால் பொம்மையும் உங்களுடையது ஆகிவிடாது. மாமியார் சீராகக் கொண்டுவந்ததாக இருக்கலாம். நாத்தனார் சின்ன வயதில் அழுது வாங்கிய யானையாக இருக்கலாம். போன் போட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். "அதெல்லாம் உன் இஷ்டம்மா" என்று சட்டென்று பதில் வந்தால் சரி. "எதுக்கு இப்ப அதைக் கேக்கறே?" என்று இழுத்தால் அந்தப் பொம்மையைத் தொடாதீர்கள். வீட்டில் பெண் குழந்தை இருந்தால் அவளையும் கேளுங்கள். பெரியவர்கள் கவனிக்காத ஏதோ ஒரு தவளை பொம்மையின் மேல் அவளுக்கு முழு உரிமை இருக்கும்.

6. வருகிற பொம்மையைக் கையில் எடுத்துப் பாருங்கள்.

படம் அனுப்பினார்கள், நன்றாக இருந்தது என்பதெல்லாம் எடுபடாது. நேரில் போங்கள்.

மண் பொம்மை என்றால் விரல் கணுவால் மெதுவாகத் தட்டுங்கள். நல்ல சூட்டில் வெந்த, கீறலில்லாத பொம்மை கணீர் என்று பேசும். "டொக்" என்றால் எங்கோ மயிரிழைக் கீறல் ஓடுகிறது. அடியில் வண்ணம் படாத இடத்தைப் பாருங்கள். செங்கல் நிறம் தெரிந்தால் சுட்ட மண், வெள்ளைவெளேர் என்று பொடி உதிர்ந்தால் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். பிளாஸ்டர் மட்டம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் சுட்ட மண்ணைக் கொடுத்து அதை வாங்குகிறோம் என்பது தெரிந்திருக்க வேண்டும். கழுத்து, மணிக்கட்டு, வீணைத் தண்டு, புல்லாங்குழல், இந்த நாலு இடத்தில்தான் பொம்மை உடையும். டார்ச்சைச் சாய்த்து அடித்தால் எம்-சீல் வைத்த மேடு நிழலாகத் தெரிந்துவிடும்.

காகிதக்கூழ் பொம்மை தூக்கினால் பூப்போல இருக்கும், விழுந்தாலும் பிழைக்கும். அதற்கு எதிரி ஈரமும் பூச்சியும்தான். அடியில் பொடிப் பொடியாகத் துளை இருந்தால் வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள், மற்ற பொம்மைக்கும் பரவும். தஞ்சாவூர்த் தலையாட்டி ராஜா ராணியைச் சாய்த்து விட்டுப் பாருங்கள். ஆடி அடங்கி நேராக நிற்க வேண்டும். அடிக்கீறலை யாராவது சிமெண்ட் வைத்து அடைத்திருந்தால் எடை கெட்டு ஒரு பக்கம் சரிந்து நிற்கும். கொண்டபல்லி பொம்மை பொணுகு மரத்தில் செய்வது, எடையே இருக்காது. கை கால்களைத் தனியாகச் செதுக்கி, புளியங்கொட்டைப் பசையும் மரத்தூளும் கலந்து ஒட்டியிருப்பார்கள். அந்த மூட்டுகள் ஆடுகிறதா என்று மட்டும் பாருங்கள்.

மரப்பாச்சி கையில் கனக்க வேண்டும். செம்மரம் அப்படிப்பட்ட மரம். லேசாக இருந்து, ஈரப் பஞ்சில் உடனே சிவப்புச் சாயம் ஒட்டினால் ஏதோ ஒரு மரத்துக்குப் பூச்சு அடித்திருக்கிறார்கள்.

பழைய பீங்கான் பொம்மைகள் ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து பெட்டியோடு வந்து இங்கே பல வீட்டுக் கொலுவில் நிற்கின்றன. அவற்றைத் திருப்பி அடியில் முத்திரை பாருங்கள். அமெரிக்காவுக்குள் வரும் சரக்கில் அது செய்யப்பட்ட நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்று ஒரு சட்டம் 1891 முதல் நடைமுறையில் இருந்தது. ஜப்பான்காரர்கள் அதற்காக 'நிப்பான்' என்று போட்டார்கள். 1921இல் அமெரிக்கச் சுங்கம் அது செல்லாது, 'ஜப்பான்' என்றே போடு என்றது. போருக்குப் பின் அந்நியப் படை அங்கே இருந்த காலத்தில் 'ஆக்குபைடு ஜப்பான்' என்று வந்தது, 1952இல் அதுவும் நின்றது. ஆக, அடியில் இருக்கும் ஒரு சொல்லை வைத்தே பொம்மையின் வயதை ஓரளவு சொல்லிவிடலாம். முத்திரை இல்லாவிட்டால் போலி என்று அர்த்தமில்லை, அமெரிக்காவுக்குப் போகாத சரக்கில் அதைப் போடும் கட்டாயம் இல்லை.

கடைசியாக செலுலாய்டு. கொழுகொழுவென்று, உச்சியில் ஒரு சுருள் முடியோடு சிரிக்கும் பாப்பாவைப் பார்த்திருப்பீர்கள். 1909இல் ரோஸ் ஓநீல் என்ற அமெரிக்க ஓவியர் பத்திரிகையில் வரைந்த கியூப்பி அது. தோள் பக்கம் துளியூண்டு சிறகு இருக்கும். ஜப்பானில் செலுலாய்டில் ஏராளமாகச் செய்தார்கள். கட்டைவிரலால் சூடு வரத் தேய்த்து முகர்ந்து பாருங்கள், கற்பூர வாசனை வந்தால் செலுலாய்டுதான், ஏனென்றால் அதைச் செய்வதே கற்பூரம் சேர்த்துத்தான். பற்றிக்கொள்வதிலும் கற்பூரத்துக்கு இளைத்ததல்ல. விளக்கு எரிகிற படிக்குப் பக்கத்தில் அதை வைக்கக் கூடாது, பாலிதீன் பையில் மூடியும் வைக்கக் கூடாது. கெட ஆரம்பித்தால் அதிலிருந்து கிளம்பும் அமில வாடை பக்கத்துப் பொம்மையையும் கெடுக்கும். இதையெல்லாம் பார்த்துக்கொள்ள முடியாதவர்கள் பாப்பா எவ்வளவு அழகாக இருந்தாலும் கைகூப்பிவிட்டு வந்துவிடுங்கள்.

7. வண்ணம் அடித்த பொம்மையை ஒதுக்க வேண்டியதில்லை.

வெளிநாட்டுப் பொம்மை சேர்க்கிறவர்கள் மேல்பூச்சு அடித்துவிட்டால் மதிப்பே போயிற்று என்பார்கள். கொலு பொம்மையை அந்தத் தராசில் வைக்க முடியாது. நம் வீடுகளில் சில வருஷங்களுக்கு ஒருமுறை ஆளைக் கூப்பிட்டு வண்ணம் புதுப்பிப்பது வழக்கமாகவே இருந்தது. நான் பார்ப்பது ஒன்றுதான்: கண்ணைத் தொட்டிருக்கிறார்களா? புடவைக்கு என்ன நிறம் அடித்திருந்தாலும் பொறுத்துக்கொள்ளலாம். பளபளவென்ற எனாமலில், பழைய கண்ணுக்கு மேல் புதுக் கண் எழுதியிருந்தால் நான் மாற்ற மாட்டேன். அந்தப் பொம்மையின் முகம் போய்விட்டது, இப்போது இருப்பது அடித்தவருடைய கை.

8. மேல் பணம் கொடுப்பதில் தப்பில்லை.

இரண்டும் சமமில்லை என்று இருவருக்கும் தெரிந்தால் வாய்விட்டுப் பேசி, கொஞ்சம் பணம் போட்டுச் சரிக்கட்டுங்கள். "நமக்குள்ள என்ன பணம்" என்று ஆரம்பிக்கிற இடத்தில்தான் மூன்று வருஷம் கழித்து மனஸ்தாபம் வருகிறது.

9. ஒரு வாரம் மாற்றி வைத்துப் பாருங்கள்.

இவ்வளவும் பார்த்து, மனசு இன்னும் இரண்டுக்கும் நடுவில் ஆடினால் இதைச் செய்யுங்கள். எனக்குத் தெரிந்த இரண்டு பெண்கள் செய்ததைச் சொல்கிறேன். ஒருத்தியிடம் வீணை சரஸ்வதி, சுட்ட மண். வீணைக் குடத்தில் பழைய அரக்கு வைத்து ஒட்டிய தழும்பு. இடது கண் வலது கண்ணைவிட ஒரு நூல் மேலே, அதனால் ஏதோ தப்பு ஸ்வரம் கேட்டுவிட்டவள் போலப் பார்ப்பாள். இன்னொருத்தியிடம் காகிதக்கூழில் ஆலிலைக் கண்ணன். கால் கட்டைவிரல் வாய்க்குள், இலையின் நரம்பெல்லாம் மெல்லிய தங்கக் கோடு, விளிம்பில் மட்டும் கொஞ்சம் பூச்சு உதிர்ந்திருக்கும். இரண்டு பேருக்குமே மற்றவள் பொம்மை மேல் கண்.

எழுத்தில் எதுவும் இல்லாமல் ஒரு வாரம் மாற்றி வைத்துக்கொண்டார்கள். நான் அவர்களிடம் சொன்னது ஒன்றே: அந்தப் பக்கம் போகும்போது கண் புதிதாக வந்ததைப் பார்க்கிறதா, பழையது இருந்த இடத்தைத் தேடுகிறதா என்று கவனியுங்கள். கண்ணனைக் கொடுத்தவள் சரஸ்வதியின் முன்னால் நாற்காலி போட்டே உட்கார்ந்துவிட்டாள். சரஸ்வதியைக் கொடுத்தவளோ கண்ணன் இருந்த அலமாரியைத் திறந்து திறந்து, "இங்கே உயரமா ஒண்ணு இருக்கணுமே" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். அதோடு மாற்றும் பேச்சு முடிந்தது. ஆனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். சரஸ்வதி ஒரு வருஷம் இந்த வீட்டுக் கொலுவுக்கு இரவல் போவாள், மறுவருஷம் கண்ணன் அந்த வீட்டுக்குப் போவான். விஜயதசமி கழிந்ததும் அவரவர் வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

நிறைய ஆசைகளுக்கு அந்தப் பத்து நாள் போதும். புதிதாகச் சேர்க்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பதே இல்லை. சொந்தமாக்கினால்தான் ஆச்சு என்று நிற்கிறார்கள்.

10. வெளிநாட்டில் இருக்கும் அக்காவோடு மாற்றப் போகிறீர்களா?

செம்மரம் 1995 முதல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் இருக்கிறது. மரப்பாச்சியைக் கடல் கடந்து அனுப்புவதற்கு முன் விதியை விசாரிக்காமல் பெட்டியில் வைக்காதீர்கள். நூறு வருஷம் தாண்டிய கலைப்பொருட்களைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் இடம் தருவதில்லை. பார்ப்பதற்குப் பழசாக இருந்தால், தொல்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறையிடம் சான்றிதழ் வாங்கிவிட்டு அனுப்புங்கள். விமான நிலையத்தில் நின்றுகொண்டு பாட்டி கதையைச் சொன்னால் யாரும் கேட்க மாட்டார்கள்.

11. கொடுத்த பிறகு யோசனை சொல்லாதீர்கள்.

அவர்கள் அதைக் கீழ்ப்படியில் வைப்பார்கள். பொருந்தாத துணி சுற்றுவார்கள். குளம் கட்டி அதற்குள் நிறுத்துவார்கள். உங்களுக்கு அதில் பேச்சில்லை. முதல் வருஷம் அந்த வீட்டுக் கொலுவைப் பார்க்கும்போது வயிற்றைப் பிசையும், அது எல்லாருக்கும் உண்டு. மாற்றியது தப்பு என்பதற்கு அது அடையாளமில்லை. திருப்பிக் கேட்கிற எண்ணம் வந்தால் இன்னொரு நவராத்திரி வரை பொறுத்துப் பாருங்கள். பெரும்பாலும் அடங்கிவிடும்.

12. கட்டும் முறை.

துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டியில் சுற்றுங்கள். செய்தித்தாளை நேராகச் சுற்றினால் வெள்ளை முகத்தில் மை ஏறும். நீட்டிக்கொண்டிருக்கும் கைக்கும் உடம்புக்கும் நடுவில் பஞ்சு அடையுங்கள். எந்த ஊரில், எந்த வருஷம், யார் வாங்கியது என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி, கூடவே வையுங்கள். பொம்மையை வாங்கிக்கொள்கிறவர்களுக்கு அந்தச் சீட்டும் வேண்டும். ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு போங்கள், பின்னால் சாமான் வைக்கும் இடத்தில் வேண்டாம். இரண்டு பொம்மையும் ஒரே நாளில் கைமாறட்டும்.